வெள்ளைப் பெட்டிக்குக் கீழே

அத்தியாயம் பதினான்கு

சுலோஜனா என்ற பெயரின் விலை இருநூற்றுப் பத்து ரூபா.

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயருக்கு விலை ஏது என்று கேட்பவர்கள் பதுளை பஜாரில் ஸ்டிக்கர் வெட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஸலீம் நானாவின் கடையில் எழுத்துக்கு முப்பது ரூபா. நான்கு எழுத்துத்தானே, நூற்றிருபதோடு போய்விடும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு போனால், நானா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார்.

"கத்தி எத்தனை தரம் எறங்குதோ அத்தனை எழுத்து. கொம்பு தனி, கால் தனி."

அந்த முறைப்படி சுலோஜனா ஏழு. தனேஸ்வரனும் ஏழு. "மாப்பிள்ளக்கும் பொண்ணுக்கும் ஒரே வெல. இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்? புள்ளியெல்லாம் இனாம்."

பசறை ரோட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் இராசையாவின் மூத்த மகள்தான் சுலோஜனா. தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் வடையைத் தின்றுவிட்டு "சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. இருபத்தெட்டு வயதில், கடைசியாகக் கொஸ்லந்தையிலிருந்து தனேஸ்வரன் வந்தான். கொழும்பில் குளியலறை டைல்ஸ் விற்பவன். அவன் பேசினால் காய்ந்த தரையும் வழுக்கும். தட்டு மாற்றியாயிற்று. வியாழக்கிழமை முகூர்த்தம், பதுளையிலேயே மண்டபம். கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ணுவது மட்டும் சித்திரைக்குத் தள்ளிப் போனது. சோதிடர் அப்படிச் சொன்னதாக இராசையா வீட்டில் சொன்னார். போன வாரம் வரைக்கும் கதை இவ்வளவுதான்.

சுலோஜனாவின் தங்கை நிஷாந்தினிக்கு ஏ.எல். பரீட்சை முடிவு கைகொடுக்கவில்லை. ஸலீம் நானாவின் கடையில் கொம்பியூட்டர் பழகுகிறாள். "பொம்ம போட்டுப் பழகி என்னா செய்யப் போற?" என்று இராசையா கேட்டார். அந்த வீட்டில் சின்னவளிடம் பதிலை எதிர்பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

பழக்கிக் கொடுப்பவள் நானாவின் மகள் றஷீதா. கண்டியில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே வயது என்பதால் பாடம் பாதி, பம்பலும் சிரிப்பும் பாதி.

கோரல் என்று பஜாரே செல்லமாகக் கூப்பிடும் அந்தப் படம் வரையும் புரோகிராமைத் திறந்த முதல் நாளே றஷீதா சொல்லிவிட்டாள். "இத பென்சில்னு நெனக்காத நிஷா. கோட்டுல அங்கங்க குண்டூசி குத்தியீக்குன்னு நெனச்சிக்க. ஊசிய நகத்து, கோடு பின்னால வரும். நீ கோட்டப் புடிச்சி இழுத்தா அது உன்ன இழுக்கும்."

நிஷாந்தினி கோட்டைத்தான் பிடித்து இழுத்தாள். முதல் வாரம் அவள் வரைந்த மாங்காயை நானா நெடுநேரம் பார்த்தார். "இது ஆஸ்பத்திரியில சுவத்துல மாட்டுற கிட்னியா புள்ள?" என்று மரியாதையாகக் கேட்டார். இரண்டாம் வாரம் ஊசி எங்கே குத்த வேண்டும் என்பது பிடிபட்டது. குறைவாகக் குத்தினால் வளைவு நன்றாக வரும். கூடக் குத்தினால் முட்டும் மோதும். அதன் பிறகு மாங்காய் மாங்காயாக வந்தது. நானா அதை ஒரு ஊறுகாய்க் கடைக்காரருக்கு லேபலாக விற்றேவிட்டார். அவளுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது அவளுக்கு முதல் தனி வேலை வந்திருந்தது. அக்காவின் கல்யாண ஸ்டிக்கர்.

போன ஞாயிறு தனேஸ்வரன் வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு பிளொப்பியை எடுத்து அவள் கையில் வைத்தான். "கொழும்புல நம்ம கூட்டாளி ஒருத்தன் செஞ்சு குடுத்தான். நீ ஒண்ணுமே செய்ய வேணாம் நிஷா. அப்படியே வெட்டுனா சரி. வேனுக்குப் பின்கண்ணாடியில ஒட்டணும். நம்ம கொழுந்தியா கையால வெட்டுனதுன்னு ஊரே பாக்கட்டும்."

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை பிளொப்பியைப் போட்டுத் திறந்தாள். இரண்டு பக்கமும் மாலை, நடுவில் பெயர்கள், கீழே வியாழக்கிழமைத் திகதி. குறை சொல்ல ஒன்றுமில்லை. றஷீதா சிவப்பு ஸ்டிக்கர் சுருளை வெட்டும் மெஷினில் மாட்டினாள். சின்னக் கத்தி அங்குமிங்கும் ஓடி, ஏறி இறங்கி, வேலையை முடித்துவிட்டு ஓரத்தில் போய் நின்றது.

இனி வேண்டாத ஸ்டிக்கரை ஊசியால் உரித்தெடுக்க வேண்டும். எழுத்து மட்டும் தாளில் நிற்கும்.

பூமாலை நன்றாக வந்தது. தனேஸ்வரன் முழுதாக வந்தான். சுலோஜனாவைத் தொட்டதும் அவள் துண்டு துண்டாகக் கழன்று வந்தாள். லோவுக்குக் குறுக்கே ஒரு வெட்டு. ஜவுக்கு நடுவே இரண்டு. திகதியில் ஓர் எண்கூட உருப்படியாக இல்லை.

"ஒரு மீட்டர் செவப்பு போச்சு," என்றார் நானா. முதலில் மின்சாரசபையைத் திட்டினார், பிறகு மெஷினைத் திட்டினார். பிறகு நிஷாந்தினியைப் பார்த்தார். திட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

"நான் ஒண்ணும் செய்யல நானா. இருந்தபடியே வெட்டுனேன்."

"இரி இரி," என்றாள் றஷீதா. "இது கத்தியோட வேல இல்ல. உள்ள என்னமோ ஈக்குது. உனக்கு ஒண்ணு காட்டாம விட்டுட்டேன்."

மேலே இருந்த பட்டியலில் எதையோ அழுத்தினாள். மாலையின் பச்சை போயிற்று, எழுத்தின் சிவப்பு போயிற்று. திரை முழுவதும் வெறும் மெல்லிய கோடுகள்.

"வயர்பிரேம்னு சொல்றது. எக்ஸ்ரே மாதிரி. நெறமெல்லாம் கழட்டிட்டு எலும்ப மட்டும் காட்டும். கத்திக்குத் தெரியிறது இதுதான். துணிக்கடையில துணிக்கு மேல துணி விரிச்சா, நமக்கு மேல உள்ளது மட்டும்தானே தெரியும்? கத்தி எல்லாத்தையும் வெட்டும். அதுக்கு மேலயும் தெரியாது, கீழயும் தெரியாது."

சுலோஜனா என்ற பெயருக்கு நடுவே இன்னொரு பெயரின் எலும்புகள் கிடந்தன. இரண்டையும் சுற்றி ஒரு நீள்சதுரம்.

நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்து, அந்தச் சதுரத்தைப் பிடித்து நிஷாந்தினி ஓரமாக இழுத்தாள். வெள்ளைப் பெட்டி. அக்காவின் பெயரையும் எடுத்து ஓரமாக வைத்தாள்.

தனேஸ்வரன், வதனி.

கீழே இருந்த பெட்டியையும் இழுத்தாள். 2002, ஆவணி மாதத்து ஒரு திகதி. இந்தத் தைக்கு ஒன்றரை வருஷம் முந்தியது.



நானா பஜாரில் பிறந்து பஜாரில் வளர்ந்தவர். எந்தச் சாமானுக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு என்று நம்புகிறவர். அவர்தான் முதலில் பேசினார். "இது பெரிய விசயமில்ல புள்ள. யாரு புதுசா அடிக்கிறாங்க? பழைய கல்யாணத்தத் தெறந்து, வெள்ளப் பெட்டியால மூடி, மேல புது கல்யாணத்த அடிக்கிறது. என் கொம்பியூட்டர்ல ஒரு பைலுக்குள்ள மூணு கல்யாணம் ஈக்கு. வெள்ளத் தாள்ல அடிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. கத்தியில போட்டாத்தான் மாட்டும். பைல் செஞ்ச பொடியன் சோம்பேறி, அவ்வளவுதான்."

"அப்ப ரெண்டு பேரையும் மூடணுமே நானா," என்றாள் நிஷாந்தினி. "பொண்ணு பேர மட்டுந்தானே மூடியிருக்கு. மாப்பிள்ள பேருக்குப் பெட்டி இல்லையே."

நானா மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். அவர் பேரத்தில் தோற்றதைப் பஜார் அதிகம் கண்டதில்லை.

"அழிச்சிட்டு வெட்டிக் குடுப்போம் நிஷா," என்றாள் றஷீதா மெதுவாக. "நாம பாத்தத யாரு கண்டா?"

அழிப்பது ஒரு பொத்தான். அந்தப் பொத்தானுக்கும் அவள் விரலுக்கும் நடுவில் வியாழக்கிழமை நின்றது. சொன்னால் அக்காவின் கல்யாணம் நின்றுபோகும்; இனி வடை தின்ன வருபவர்களும் வர மாட்டார்கள். சொல்லாவிட்டால் அக்கா கழுத்தை நீட்டுவாள், யாருடைய இடத்தில் உட்காருகிறோம் என்று தெரியாமலே.

அவள் அதை யோசித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் அம்மாவின் குரல் கேட்டது.

"என்னா நானா, எங்க புள்ள ஒழுங்கா வேல செய்யுதா?"

பாக்கியலெட்சுமி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளை இருபது வருஷம் பார்த்துக்கொண்டவள். எந்தப் பிள்ளை எதற்கு அழுகிறது என்பது அவளுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். பின்னால் சுலோஜனா, தையல் கடையிலிருந்து வாங்கிய சட்டைப் பொட்டலத்தோடு. நிஷாந்தினி திரையை அணைத்தாள்.

"ஏண்டி மூஞ்சி வெளிறிப் போயிருக்கு? காலையில ரொட்டிய தின்னியா, பேப்பர்ல சுத்தி பைக்குள்ள வச்சிருக்கியா?"

"தின்னேன்மா. நீங்க ஒக்காருங்க. அக்கா, ஒரு நிமிசம் உள்ள வா. ஒண்ணு பாக்கணும்."

அம்மாவை நானா கைவசம் வைத்திருந்த கதைகளோடு முன்னால் உட்கார வைத்தார். நிஷாந்தினி அக்காவைத் தடுப்புப் பலகைக்குப் பின்னால் அழைத்துப்போய்த் திரையை உயிர்ப்பித்தாள்.

"அக்கா, சத்தம் போடாத."

சுலோஜனா பார்த்தாள். சத்தம் போடவில்லை. முகம் சுருங்கவுமில்லை. கடன் சொன்ன கடையில் பழைய பாக்கியைக் கேட்டுவிட்டதுபோல் லேசாக ஒரு சலிப்பு.

"இத இன்னும் அழிக்காமயா வச்சிருக்காரு," என்றாள்.

நிஷாந்தினி கதிரையோடு திரும்பினாள். "ஒனக்குத் தெரியுமா?"

"பொண்ணு பாத்துட்டுப் போன மறுவாரமே சொல்லிட்டாரு. நிச்சயம் வரைக்கும் போயி நின்னு போன சம்பந்தம். கார்டெல்லாம் அடிச்சாச்சாம். கடைசி நேரத்துல அந்தப் பொண்ணு மாட்டேன்னுட்டு இத்தாலிக்குப் போயிடுச்சாம். கல்யாணமே நடக்கல. மறைக்காம சொன்னாரேன்னுதான் எனக்கு அவரப் புடிச்சது." அவள் தங்கையின் தோளைப் பிடித்தாள். "அம்மாகிட்ட சொல்லிடாத. பெரியவங்க மனசு கஷ்டப்படும், நமக்குள்ளயே இருக்கட்டும்னு கேட்டுக்கிட்டாரு."

"எது நமக்குள்ளயே இருக்கட்டும்?"

பாக்கியலெட்சுமி பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நானாவின் கதைகள் அவ்வளவு நேரம்தான் தாங்கின. அவளுடைய கண் திரையில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"செத்தவ பேர எதுக்குடி கல்யாண வேலையில கொண்டாந்து வச்சிருக்கீங்க? அபசகுனம். மூடு அத."

சுலோஜனா திரும்பினாள். "யாரு செத்தது?"

அம்மா வாயைப் பொத்தினாள். பொத்தினாலும் சொன்னது சொன்னதுதான்.

"யாரும்மா செத்தது?"

"ஒங்கிட்ட சொல்ல வேணாம்னு காலப் புடிக்காத கொறையா கேட்டுச்சு அந்தத் தம்பி." பாக்கியலெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மொத தாரம். கட்டி ஆறு மாசத்துல காய்ச்சல் கண்டு போயிடுச்சு. 'சுலோவுக்குத் தெரிஞ்சா ரெண்டாந்தாரம்னு நெனச்சி நொந்து போவா, நீங்க மட்டும் தெரிஞ்சி வச்சிக்கங்க அத்த, நீங்க எனக்கு அம்மா மாதிரி'ன்னு அழுதுச்சு. நானும் சேந்து அழுதேன். போன வெள்ளிக்கெழம கோயில்ல அந்தப் புள்ள பேருக்கு மோட்ச வெளக்குப் போட்டேன். அவ ஆத்மா குறுக்க நிக்கக் கூடாதேன்னு."

"இத்தாலிக்குப் போனவங்களுக்கா?" என்றாள் சுலோஜனா.

"இத்தாலியா?"

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே சாமானுக்கு ஆளுக்கொரு விலை சொல்லும் வியாபாரி நெடுநாள் பிழைத்திருக்கலாம். வாங்கினவர்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இவர்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் அன்பாக இருந்ததால்தான் வாய் திறக்கவில்லை. தனேஸ்வரன் போட்ட முதலும் அந்த அன்புதான். வேறு ஒரு சதம் அவன் போடவில்லை.

றஷீதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். யாரும் குடிக்கவில்லை.

"எது உண்மையோ, ஒங்க அப்பாவுக்குத் தெரியக் கூடாது," என்றாள் பாக்கியலெட்சுமி. "மனுசன் தாங்க மாட்டாரு. தோட்டம் பூரா பத்திரிகை குடுத்தாச்சு."

அப்பா அப்போதுதான் கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். மண்டபத்துக்காரரைப் பார்த்துவிட்டு, இவர்களை அழைத்துக்கொண்டு பசறை பஸ்ஸைப் பிடிக்க வந்திருந்தார். இராசையா காலையில் பெரட்டுக்களத்தில் நின்று நூற்றைம்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் ஆள். ஒரு குரலில் சனம் கலையும்.

"என்னா, எல்லாரும் உள்ள என்னா செய்றீங்க? பஸ் போயிடும்."

உள்ளே வந்தார். மனைவியைப் பார்த்தார், மூத்தவளைப் பார்த்தார். எல்லாரும் எதையோ பார்க்காமல் இருந்ததால் அவரும் திரையைப் பார்த்தார்.

நிஷாந்தினி அணைக்கப் போன கையை அப்படியே வைத்திருந்தாள். அப்பா கேட்கப் போவது "இது யாரு" என்றுதான் என அவள் நினைத்தாள். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். பொய் ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள்.

இராசையா குடையை மேசையில் வைத்தார்.

"ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார்.

நிஷாந்தினி கையை எடுத்தாள். இனி அணைத்துப் பயனில்லை.

தயார் பண்ணிய பொய் பாக்கியலெட்சுமிக்கு இனித் தேவைப்படவில்லை. "அப்ப ஒங்களுக்கும் தெரியுமா? அந்தப் புள்ள செத்தது?"

"சாகல."

"இத்தாலி?" என்றாள் சுலோஜனா.

"இத்தாலியும் இல்ல, ஒண்ணும் இல்ல." இராசையா உட்கார்ந்தார். களத்தில் நிற்கும் குரல் எங்கோ போய்விட்டது. "முறையா ரெஜிஸ்டர் பண்ணிக் கட்டுனவ. ஒத்துப் போகல. டிவோஸ் கேஸ் நடக்குது. சித்திரையில தீர்ப்பு வந்துடும், அது வரைக்கும் பொம்பளைங்களுக்குத் தெரிய வேணாம், நாம ஆம்பளைங்க பாத்துக்குவோம்னு சொன்னாரு."

தடுப்புப் பலகைக்கு அப்பால் நானா ஸ்டிக்கர் சுருள்களை எண்ணுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். அதையும் நிறுத்திவிட்டார்.

"சோசியரு சித்திரைன்னாரே," என்றாள் சுலோஜனா.

"சோசியரு ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"அப்ப வியாழக்கெழம தாலி கட்டுனதும், நான் அவருக்கு என்னவா போறேம்பா?"

இராசையா மேசையில் கிடந்த குடையை நேராக்கி வைத்தார்.

"கேக்குறேன்ல. டீச்சர்னு ஒரு பேரு இருக்கு எனக்கு. வியாழக்கெழமைக்குப் பொறகு எனக்கு என்னா பேரு?"

"ஒனக்கு இருபத்தெட்டு ஆச்சு புள்ள." அவர் தன் செருப்பைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு மூணு மாசந்தானேன்னு நெனச்சேன். முடிஞ்சதும் முறையா எழுதிக்கலாம்னு. ஒவ்வொருத்தனும் வந்து பாத்துட்டுப் போறப்ப நீ அடுப்படியில போயி தட்டக் கழுவுவ பாரு. அத இன்னொரு தரம் பாக்க முடியாதுன்னு நெனச்சேன்."

பாக்கியலெட்சுமி அழத் தொடங்கினாள். சுலோஜனா அழவில்லை. சட்டைப் பொட்டலத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, தங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நிஷா, இதுல என் பேர எடுத்துட முடியுமா?"

"முடியும்."

"எடுத்துட்டு, கீழ இருக்கிறத அப்படியே வெட்டு. அவங்க பேரு, அந்தத் திகதி, எல்லாம்."

"சுலோ," என்றார் இராசையா.

"அப்பா, கொஞ்ச நேரம்."

நிஷாந்தினி அக்காவின் பெயரைத் தொட்டாள். அதைச் சுற்றி எட்டுக் குட்டிக் கறுப்புச் சதுரங்கள் காவலுக்கு வந்து நின்றன. டிலீட். காவலும் இல்லை, பெயரும் இல்லை. வெள்ளைப் பெட்டி ஒன்று. டிலீட். இரண்டாவது பெட்டி. புதுத் திகதி. இனி ஒன்றும் ஒன்றின்மேல் கிடக்கவில்லை. வயர்பிரேமில் ஒரு தரம் போட்டுப் பார்த்தாள். எலும்பும் தோலும் ஒன்றாக இருந்தன. யாரும் சொல்லித் தராமல் செய்த முதல் வேலை அதுதான். றஷீதா சிவப்புச் சுருளை மாட்டிவிட்டு விலகி நின்றாள்.

கத்தி ஓடியது. ஊசியால் உரித்தபோது ஓர் எழுத்துகூடக் கிழியவில்லை.

ஸ்டிக்கரை வாங்க வருவதாகச் சொன்னபடி தனேஸ்வரன் மத்தியானம் கழித்து வந்தான்; அதுவரை யாரும் பஸ்ஸுக்குப் போகவில்லை. கையில் ஒரு பெட்டி கேக், வாயில் சிரிப்பு.

"அட, குடும்பமே இங்கதான் இருக்கா. மாமா, அத்த, வாங்க வாங்க. நானா, நம்ம கொழுந்தியா எப்படி? கொழும்புக்குக் கூட்டிட்டுப் போனா லெச்சக் கணக்குல சம்பாதிக்கும்."

சுலோஜனா சுருட்டி வைத்திருந்த ஸ்டிக்கரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். தாம்பூலம் கொடுப்பதுபோல் மரியாதையாக.

அவன் விரித்தான்.

சிரிப்பு உடனே போகவில்லை. பழக்கத்தில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. "இது வந்து," என்று சுலோஜனாவிடம் தொடங்கினான். "நான் ஒங்ககிட்ட அன்னைக்கே சொன்னேனே..."

சொல்லும்போதே அவனுடைய கண் பாக்கியலெட்சுமியிடம் போனது. இத்தாலி என்று சொன்னால் அங்கே பிணம் எழுந்து உட்காரும். அவன் அவள் பக்கம் திரும்பினான். "அத்த, பாவம் அந்தப் புள்ள..." பக்கத்தில் இராசையா. செத்துவிட்டாள் என்றால் யார்மேல் கேஸ் நடக்கிறது? "மாமா, நான் ஒங்களுக்கு..." என்று அவர் பக்கம் திரும்பினான். அங்கேயும் முடிக்க முடியவில்லை.

டைல்ஸ் கடையில் ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம் பேசுகிறவன். எதிரே நின்ற மூன்று பேருக்கும் பொதுவாகச் சொல்ல அவனிடம் ஒரு வாக்கியம் இல்லை.

"சொல்லுங்க," என்றாள் சுலோஜனா. "எல்லாரும் இருக்கோம். ஒரே தரமா சொல்லிடுங்க."

"இவ்வளவு பேருக்கு முன்னால வச்சி கேட்டா என்னாங்க சொல்றது," என்றான் கடைசியில்.

"சரி, வேற கேக்குறேன். வதனி இப்ப எங்க இருக்காங்க?"

அவன் இராசையாவைப் பார்த்தான். மாட்டிக்கொண்டவன் இன்னொருவனையும் சேர்த்துக்கொள்ளும் பார்வை அது. "மாமாவுக்குத்தான் தெரியுமே. நேர்லயே போயிட்டு வந்தாருதானே."

தாயும் மகள்மாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

இராசையா கையால் முகத்தைத் துடைத்தார். "பதுளையிலதான். ஆஸ்பத்திரிக்கு மேல, ஏத்தத்துல ஒரு வாடக வீடு. கேஸ்னு சொன்னதும் எனக்கும் மனசு கேக்கல. ஒரு வார்த்த விசாரிச்சிட்டு வருவோம்னு போனேன்."

"என்னா சொன்னாங்க?"

"பேசல. கதவுகிட்ட போனேன். உள்ள கைக்கொழந்த அழுற சத்தம் கேட்டுச்சு. தட்டாம திரும்பி வந்துட்டேன்."

பாக்கியலெட்சுமி அழுகையை நிறுத்தினாள். கைக்குழந்தை என்றதும் தனேஸ்வரனைப் பார்த்தாள். அவன் ஸ்டிக்கரைச் சுருட்டத் தொடங்கியிருந்தான். அவன் கை ஒழுங்காகச் சுருட்டவில்லை; பசைப் பக்கம் திரும்பி, அவன் பெயர் அவன் விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

சுலோஜனா அப்பாவின் குடையை எடுத்தாள்.

"நானும் வர்றேன்," என்றாள் அம்மா.

"வேணாம்மா. நீங்க போனா அழுவீங்க, அப்பா போனா திரும்பி வந்துடுவாரு. நான் போனா எனக்குப் புடிச்ச பதில மட்டும்தான் காதுல வாங்குவேன். நிஷா, நீ கூட வா. ஒனக்குத்தான் இவரு இன்னும் ஒண்ணும் சொல்லல."

அது உண்மைதான். கதை சொல்லி வளைக்கும் அளவுக்குச் சின்னவளை அவன் பெரிதாக எண்ணியதில்லை. கையில் பிளொப்பியைக் கொடுத்ததோடு சரி. நிஷாந்தினி ஊசியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். தனேஸ்வரன் வழியை மறிப்பதா விடுவதா என்று தெரியாமல் கேக் பெட்டியோடு நின்றான். நானா அவன் தோளில் கை வைத்து மெதுவாக ஓரமாக்கினார். "ஒக்காருங்க தம்பி. டீ சொல்றேன். பொண்டுகள் வரட்டும்."

இரண்டு பேரும் வீதியில் இறங்கினார்கள். மழை பிடித்துக்கொண்டது.

அன்றைய திங்கட்கிழமையின் கணக்கு இவ்வளவுதான். இத்தாலிக்குப் போனவள் ஒருத்தி, காய்ச்சலில் செத்தவள் ஒருத்தி, கோர்ட்டில் நிற்பவள் ஒருத்தி. மூன்றையும் விற்றவன் ஒருவன், வாங்கினவர்கள் மூவர். வதனியின் வாயால் வரவேண்டியது ஒன்று பாக்கி. அந்தப் பாக்கி ஆஸ்பத்திரிக்கு மேலே, ஏற்றத்தில், ஒரு வாடகை வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கதவை இதுவரை யாரும் தட்டவில்லை.